சுகப்பிரசவம் என்னும் சொல்

பிள்ளை பிறந்த செய்தி காதில் விழுந்ததும் நம்மவர் முதலில் ஆணோ பெண்ணோ என்று கேட்பர். நிறை எவ்வளவு என்று கேட்பர். அதன்பின் குரலைச் சற்றே தாழ்த்தி, "சுகப்பிரசவமோ, வெட்டியோ எடுத்தது?" என்பர். இந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியே இன்று சிறிது எழுத விரும்புகின்றோம். எம் இல்லத்தில் இக்கேள்வி அண்மையில் பலமுறை கேட்கப்பட்டது. விடை கூறும் பொறுப்பும் பெரும்பாலும் எம்மையே வந்து சார்ந்தது.

சொல்லை முதலிற் கவனியுங்கள். இயற்கை வழியாகப் பிறந்தாற் சுகம். வயிற்றைக் கீறி எடுத்தால் அஃது ஏதோ சுகமற்ற காரியம் என்று அச்சொல்லே தீர்ப்பு வழங்கிவிடுகின்றது. முப்பது மணி நேரம் நொந்து, இரத்தம் இழந்து, தையல்கள் பல போடப்பெற்று, நான்கு நாள் நிமிர்ந்து இருக்கமாட்டாது கிடந்தவளுக்கும் 'சுகப்பிரசவம்' என்றே பெயர். முன்கூட்டியே நாள் குறித்து, விழித்திருக்கும்போதே முள்ளந்தண்டில் ஊசி ஏற்றப்பெற்று, பிள்ளையின் முதல் அழுகையைத் தன் காதாற் கேட்டு, மூன்றாம் நாள் வீடு திரும்பினவளுக்கோ அப்பெயர் இல்லை. எவருக்குச் சுகம், எந்தக் கணக்கிற் சுகம் என்று நாம் கேட்பதில்லை.

எம் அன்னையார் பெற்ற பிள்ளைகள் எண்மர். எண்ணிச் சொல்வது எழுவரை. அனைவரும் வலிகாமத்துக் கிராமமொன்றில், வீட்டின் உள்ளறையிலே, ஊர் மருத்துவிச்சியின் கையிற் பிறந்தவர்கள். எண்ணப்படாத அந்தப் பிள்ளை வயிற்றிற் குறுக்காகக் கிடந்தது. இரண்டு இரவும் ஒரு பகலும் அன்னையார் நொந்தபின், கார் ஒன்று பிடித்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தாய் பிழைத்தார், பிள்ளை பிழைக்கவில்லை. குறுக்கே கிடக்கும் பிள்ளை, திருப்பப்படாதவரையில், இயற்கை வழியாக உயிருடன் வருதல் இயலாது என்பது வைத்தியம் அறிந்த எவருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் காலத்துப் பெண்கள் கத்தி படாமலே பெற்றார்கள் என்று பெருமை பேசும் உறவினரைக் காணும்போதெல்லாம் அந்த எட்டாவது பிள்ளையின் நினைவு எமக்கு வருவதுண்டு.

சத்திரசிகிச்சை தாயையும் பிழைக்கவைக்கும் ஒரு வழியானது நெடுங்கால வரலாற்றில் நேற்றுத்தான் என்று சொல்லவேண்டும். யூலியஸ் சீசர் இவ்வாறு பிறந்ததனாலேயே 'சிசேரியன்' என்ற பெயர் வந்தது என்று பாடசாலையிற் படித்திருப்பீர்கள். அவனுடைய தாய் அவுரேலியா மகன் பெரிய தளபதியாகும்வரை உயிரோடிருந்தவள். அக்காலத்திலே வயிற்றைக் கீறுவது இறந்துபோன தாயிடமிருந்து பிள்ளையை எடுப்பதற்கே. ஆதலால் அக்கதை நம்பத்தக்கதன்று. 1876 இல் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ பொரோ என்பவர் பிள்ளையை எடுத்தபின் கருப்பையையும் அகற்றித் தாயைக் காப்பாற்றினார். 1882 இல் ஜேர்மானியராகிய மாக்ஸ் சேங்கர், கருப்பையை அகற்றாது அதன் சுவரையே தைத்து மூடும் முறையை எழுதி வெளியிட்டார். அதுவரை வெட்டிய கருப்பையைப் பெரும்பாலும் தைப்பதில்லை என்றால் இன்று நம்புதல் அரிது. நம் யாழ்ப்பாணமும் இத்துறையிற் பின்தங்கியிருந்ததன்று. மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன், மான்செல் என்பாரின் பிரசவ வைத்திய நூலை 1857 இலேயே தமிழிற் கொணர்ந்தார். 1898 இல் இணுவிலில் மக்ளியொட் ஆஸ்பத்திரி பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்றே எழுந்தது.

1930களில் இலங்கையிலே ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2019 அளவில் அத்தொகை முப்பதை ஒட்டி இறங்கியிருந்தது. இதற்குக் கத்தி மட்டும் காரணமன்று. வீடு வீடாக வந்து போகும் மருத்துவ மாது, இரத்த வங்கி, கிருமிகொல்லி மருந்துகள், இலவச வைத்தியசாலை, பெண் கல்வி யாவும் சேர்ந்து இழுத்த தேர் அது.

இனி எதிர்ப்புறத்தையும் பார்த்தல் வேண்டும். அவசியமான இடத்தில் உயிர் காக்கும் கத்தி, அவசியமில்லாத இடத்திலும் நுழைந்துவிட்டது. பிறேசில் நாட்டிலே பிறக்கும் பிள்ளைகளிற் பாதிக்கு மேல் சத்திரசிகிச்சையால் வருகின்றன. அங்குள்ள தனியார் வைத்தியசாலைகளில் பத்துக்கு எட்டு என்ற அளவு. நம் நாட்டில் 2016 ஆம் ஆண்டளவிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட கூற்றின்படி, ஒரு நாட்டிற் சத்திரசிகிச்சை நூற்றுக்குப் பத்து என்ற அளவைத் தாண்டியபின், மேலும் கூடுவதனால் தாய் சேய் மரணம் குறைவதாகக் காணப்படவில்லை. அதே கூற்று, ஒரு குறித்த வீதத்தை எட்டப் பாடுபடாமல், தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அச்சிகிச்சை கிடைக்கச் செய்யுங்கள் என்றும் சொல்லுகின்றது. முதற் பாதியை மாத்திரம் எடுத்துக்கொண்டு வைத்தியர்மேற் பாய்பவர்கள் இரண்டாம் பாதியையும் வாசிக்கவேண்டும்.

எம் மூத்த மகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் முதற்பிள்ளை பிறந்தது. நோக் கண்டு எட்டு மணி நேரம் எல்லாம் செவ்வனே நடந்தது. பிறகு, ஒவ்வொரு நோவின்போதும் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கி, மீண்டும் ஏறுவதற்குத் தாமதித்தது. அரை மணி நேரத்துள் சத்திரசிகிச்சை முடிந்தது. பெண் குழந்தை, நலம். ஆயினும் பார்க்க வந்தவர்கள் சொன்னது என்ன தெரியுமா? "பரவாயில்லைப் பிள்ளை, அடுத்ததாவது சுகமாய்ப் பிறக்கட்டும்." இழவு வீட்டில் ஆறுதல் சொல்வது போலவே சொன்னார்கள். அவர்கள் போனபின் மகள், "அம்மா, நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டாள். பால் கொடுத்துக்கொண்டு கேட்டாள்.

எம் மருமகளின் கதை வேறு. அவளுடைய முதற்பிள்ளை தலை மேலும் குண்டி கீழுமாக இருந்தது. வயிற்றின் மேலே கை வைத்துத் திருப்பிப் பார்த்தார் வைத்தியர், திரும்பவில்லை. இம்முயற்சி பாதிப்பேருக்கே பலிக்கும் என்று முன்னரே சொல்லியிருந்தார். 2000 ஆம் ஆண்டிலே 26 நாடுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று, இவ்வாறு கிடக்கும் நிறைமாதப் பிள்ளைக்குத் திட்டமிட்ட சத்திரசிகிச்சையே பாதுகாப்பு எனக் கண்டது. மருமகள் அதனை ஏற்று, முப்பத்தொன்பது வாரம் நிறைந்தபின் நாள் குறித்தாள். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. 'நோக் காணாமற் பெற்றவள்' என்று ஒரு கிழவி சொன்னதற்கு, "ஓம் ஆச்சி, நோவெல்லாம் பிறகுதான் கண்டனான்" என்று மறுமொழி சொல்லிவிட்டாள். வெட்டுக்காயத்தின் நோவைப் பட்டவர் அறிவர்.

இவ்விருவரையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எமக்கு ஒன்று புலப்பட்டது. ஒருத்தியிடம் காரணம் முன்னரே விளக்கப்பட்டு, முடிவு அவள் கையில் விடப்பட்டது. மற்றவளுக்கோ அவசரத்திலே காரணம் சொல்ல நேரமிருக்கவில்லை. பிறகும் எவரும் சொல்லவில்லை. ஊரார் சொன்ன காரணமே மிஞ்சியது.

காரணங்களிலும் கனத்தவை உண்டு, இலேசானவை உண்டு. நஞ்சு கீழே இறங்கிக் கருப்பையின் வாயை மூடிக்கிடத்தல், பிள்ளை குறுக்கே கிடத்தல், பிள்ளைக்கு முன்னே கொடி வழுகி வருதல் போன்றவை கனத்தவை. அங்கே தெரிவு என்ற பேச்சே இல்லை. ஆனால் 'கொடி சுற்றியிருக்கின்றது' என்று ஸ்கானிற் கண்டவுடனே வீடு முழுவதும் கலங்குவது வீண். ஏறக்குறைய நான்கு பிள்ளைகளில் ஒன்று கழுத்திற் கொடியுடனேயே பிறக்கின்றது. பெரும்பாலானவை எவ்வித தீங்குமின்றிப் பிறக்கின்றன. 'வாசல் திறக்கத் தாமதம்' என்பதும் அவ்வாறே. மணிக்கு ஒரு சென்றிமீற்றர் வீதம் திறக்கவேண்டும் என்ற பழைய அளவு சில பெண்களுக்கு மிகை வேகமானது என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இல் அறிவித்தது. தாயும் பிள்ளையும் நலமாயிருக்கையில் அந்த அளவு ஒன்றையே காட்டிக் கத்தியைத் தேடவேண்டியதில்லை.

நோவுக்கு அஞ்சிச் சத்திரசிகிச்சை கேட்பவர்களை ஏளனம் செய்வதை நாம் ஒப்போம். அச்சமும் ஒரு காரணமே. இங்கிலாந்திலே 2011 இல் வகுத்த வழிகாட்டி, நன்கு பேசி விளக்கியபின்னும் ஒரு பெண் அதனையே விரும்பின் மறுக்கலாகாது என்கின்றது. ஆனால் அவளுக்கு நோவைத் தணிக்க வேறு வழியுண்டு என்பதையும் சொல்லவேண்டும். முதுகில் ஏற்றும் எபிடூரல் மருந்து நோவைப் பெரிதும் அடக்கும். நம் அரசாங்க வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் அது கிடைப்பதில்லை. பக்கத்தில் நம்பிக்கையான ஒருத்தி இருந்து கையைப் பிடித்துக்கொள்வதற்கு மருந்தும் வேண்டாம், செலவும் இல்லை.

மகள் மறுபடியும் கருவுற்றாள். அப்போதுதான் எம் வீட்டில் விவாதம் எழுந்தது. ஒருமுறை வெட்டினால் மறுமுறையும் வெட்டவேண்டும் என்பது சம்பந்தி வீட்டாரின் கட்சி. அவர்கள் சோதிடரிடம் போய் மூன்று நல்ல நாள்களையும் எழுதிக் கொண்டுவந்துவிட்டார்கள். அவற்றுள் ஒன்று முப்பத்தேழாம் வாரத்தில் வந்தது. முப்பத்தொன்பது வாரம் நிறையுமுன் நோவின்றி வெட்டி எடுக்கும் பிள்ளைகள் மூச்சுவிடச் சிரமப்படுவது கூடுதல் என்பதைச் சோதிடர் கணித்திருக்க நியாயமில்லை! அந்தத் தாளை மாமியார் மனம் நோகாமல் மடித்து வைத்தோம்.

வைத்தியர் சொன்னது இது. முதற்சிகிச்சையில் கருப்பையின் கீழ்ப்பகுதியிற் குறுக்காக வெட்டியிருந்தால், தகுந்த பெண்கள் நால்வரில் ஏறக்குறைய மூவர் அடுத்த பிள்ளையை இயற்கை வழியாகப் பெறுவர். பழைய தழும்பு பிரியும் அபாயம் இருநூறு பேரில் ஒருவருக்கு. அஃது அரிது, நேர்ந்தாலோ பாரதூரம். ஆதலால் எந்நேரமும் சத்திரசிகிச்சைக்கூடம் ஆயத்தமாயுள்ள வைத்தியசாலையிலேயே முயலவேண்டும். மறுபடி வெட்டினால் இம்முறை அபாயம் சிறிது. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும், பின்வரும் கருவின் நஞ்சு பழைய தழும்பிலே வேரோடி ஒட்டிக்கொள்ளும் ஆபத்துப் படிப்படியாக ஏறும். "இன்னும் எத்தனை பிள்ளைகள் வேண்டுமென்று நினைக்கிறீர்கள்?" என்றும் அவர் கேட்டார். முதற் பிரசவத்தின்போதே கேட்கவேண்டிய கேள்வி அது என்று எமக்குத் தோன்றியது.

மகள் இரண்டு நாள் யோசித்தாள். முயன்று பார்க்கின்றேன், ஆனால் எனக்குப் போதும் என்று தோன்றினாற் போதும் என்று சொல்வேன் என்றாள். அவளுடைய கணவர் அதனைத் தாளில் எழுதிக் கர்ப்பவதி அட்டையுடன் செருகி வைத்தார். முப்பத்தொன்பது வாரமும் ஐந்து நாளும் ஆனபோது நோக் கண்டது. பத்து மணி நேரம் நன்றாக நொந்தாள். ஏழு சென்றிமீற்றரில் நின்றது; நான்கு மணி நேரம் அசையவில்லை. பிள்ளையின் துடிப்பிற் குறையில்லை, இன்னும் சிறிது பொறுக்கலாம், அல்லது இப்பொழுதே எடுக்கலாம் என்று வைத்தியர் இரண்டையும் அவள்முன் வைத்தார். எடுங்கள் என்றாள். ஆண் குழந்தை, மூன்று கிலோ இருநூறு கிராம்.

மறுநாள் நாம் போனபோது கட்டிலிற் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். "இந்தமுறை வெட்டச் சொன்னது நான்தான், அம்மா" என்றாள். வயிற்றிலே பழைய தழும்பின்மேல் அதே வெட்டுத்தான். முன்னைய கேள்வியை அவள் கேட்கவில்லை.

கருவுற்றிருக்கும் நேயர்களுக்கு ஒன்று சொல்லுவோம். இப்பேச்சுக்களை ஏழாம் மாதத்திலே பேசி முடியுங்கள். நோக் கண்டபின் எவருக்கும் எதுவும் விளங்காது. முன்பு சத்திரசிகிச்சை நடந்திருந்தால், துண்டு வெட்டும்போது தந்த அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். தோலிலே தெரியும் தழும்பு குறுக்காயிருந்தாலும் உள்ளே கருப்பை நெடுக்காக வெட்டப்பட்டிருக்கக் கூடும். அப்படியாயின் மீண்டும் முயல்வது தகாது. அதனைத் தழும்பைப் பார்த்துச் சொல்லமுடியாது, அட்டையே சொல்லும். வெட்டவேண்டும் என்று வைத்தியர் சொன்னால், காரணம் யாது, இப்போதே வேண்டுமா, பொறுத்தால் என்ன நேரும் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

வீட்டிலுள்ளோர்க்கும் வேலையுண்டு. சரக்குக் கறியும் பத்தியமும் இருக்கட்டும். அதற்காகத் தண்ணீரையும் பழத்தையும் மறுக்கவேண்டாம். சத்திரசிகிச்சையான தாய் ஆறு வாரமளவு பாரம் தூக்கலாகாது. தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது என்பதை எல்லாரும் நினைவில் வைத்திருப்பர். மூன்று வயதான மூத்ததும் பாரமே என்பதை மறந்துவிடுவர். புதிய தம்பியைக் கண்ட நாள்முதல் எம் பேத்திக்குத் தாயின் இடுப்பைத் தவிர வேறிடம் பிடிப்பதில்லை. காலையிற் கண் விழித்ததும் கையை நீட்டிக்கொண்டு அழத் தொடங்குகின்றாள். அந்த அழுகை கிளம்புமுன் அவளைத் தூக்கிக்கொண்டு கோழிக்கூட்டுப் பக்கம் போய்விடும் உத்தியோகம் தற்போது எமக்கு வழங்கப்பட்டிருக்கின்றது.