காலமறிந்து நட்ட கிழங்கு

வடபழனி மெட்ரோ நிலையத்தினின்று இறங்கி ஆண்டவர் கோயில் தெருவை அணுகுங்கால், கடைகளைக் கண் காணுமுன் சம்பங்கி மணம் நம்மை எதிர்கொள்கிறது. அண்மையில் பீடத்திற்கு மாலை வாங்கச் சென்ற நமக்கு, அந்த மணம் ஒரு மலையூரை நினைவூட்டிற்று.

சம்பங்கி கிழங்கில் முளைப்பது. மெக்சிகோவினின்று வந்து நம் சமவெளியில் குடியேறியது. ஜூன், ஜூலை மாதங்களில் 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளை 2.5 செ.மீ. ஆழத்தில் ஊன்றுவர். அதே நாட்டின் மலைகளில் பிறந்த டேலியாவோ குளிரை விரும்புவது. ஆயினும் உறைபனியைத் தாங்காதது.

இதனை அறியாமல், கொடைக்கானல் மலையில் பணியாற்றிய நாள்களில், பாஸ்கா விழாவிற்குப் பூ வேண்டுமென்ற ஆவலால் ஜனவரியிலேயே டேலியாக் கிழங்குகளை நட்டோம். இரவுப்பனியில் தளிர் கருகிற்று; எஞ்சியவை அழுகின. பங்கைச் சேர்ந்த முதிய விதவைத் தாய் ஒருவர், தம் கிழங்குகளில் பாதியை மார்ச் நடுவில் கொணர்ந்தார்.

"பனி போகட்டும் சாமி, மண்ணு சூடேறட்டும்" என்றார்.

பழைய தண்டின் அடியில் கண் உள்ள கிழங்கையே தேர்ந்தார். ஒரு சாண் குழி தோண்டி, மக்கிய எருவிட்டு, கண் மேல்நோக்க வைத்தார். பின்னர் குத்தினால் கிழங்கு புண்படுமென்று அப்பொழுதே குச்சியும் நட்டார். முளை தோன்றும்வரை நீரை அளந்தே வார்த்தார். கிளாடியோலஸ் கிழங்குகளைக் கூர்முனை மேலாக 10 செ.மீ. ஆழத்தில், இரு வாரத்திற்கொரு வரிசையாக நடச் செய்தார். பூக்களும் அவ்வாறே அடுத்தடுத்து வருமாம்.

பாஸ்காவிற்கு ஒரு மலருமில்லை. ஜூனில், திரு இருதய ஆண்டவர் திருநாளன்று, முதல் டேலியா விரிந்தது. அத்தாய் அப்போது நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். நற்கருணையுடன் அம்மலரையும் கொண்டு சென்றோம். மலரைத் தடவியவர், "இலை காஞ்சதும் கிழங்கைத் தோண்டி, உலர்ந்த மணல்ல வச்சிடுங்க சாமி. அடுத்த வருசத்துக்கு வேணுமே" என்றார். அடுத்த ஆண்டை அவர் காணவில்லை. மார்ச்சில் நாமே அவற்றை நட்டோம்.

பிள்ளைகளை உருவாக்கும் பெற்றோரே, அவசரத்தில் நட்டது அழுகும். காத்திருந்து நட்டது, நட்டவர் மறைந்த பின்னும் மலரும். வடபழனியில் வாங்கிய சம்பங்கி மாலையை அன்று பீடத்தில் சாத்துகையில், அத்தாய்க்காகவும் செபித்தோம்.