தீயோர் வாழ்வும் தெளிந்த நெஞ்சமும்

தீயோர் செழிப்பதும் நல்லோர் நலிவதும் ஏன் என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. வள்ளுவப் பெருந்தகை அதனை அழுக்காறாமை அதிகாரத்துள் வைத்து, எண்ணிப் பார்க்கத்தக்கது என்ற அளவில் நிறுத்தினார். பரிமேலழகரோ அதற்கு ஏதுவாகிய பழவினையை ஆராயச் சொன்னார். இதே வினாவை எபிரேயப் புலவர் ஒருவர் எதிர்கொண்ட வகையை, ஒரு நூலின் ஓரத்தில் இருந்த பென்சில் குறியால் நாம் அறிய நேர்ந்தது.

2004ஆம் ஆண்டு தேர்வெழுதித் தில்லிக்கு எழுத்தராக வந்தபோது, கோப்பில் குறிப்பெழுதும் முறையை நமக்குக் கற்பித்தவர் நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒரு தலைமை எழுத்தர். நமக்கு அவர் அண்ணாச்சி. ஒப்பந்தக்காரர் நீட்டிய உறையை மறுத்தமையால் இடம் மாற்றப்பட்டவர். உரிய பதவி உயர்வு பெறாமலே ஓய்வு பெற்றவர். 2018ஆம் ஆண்டில் புற்றுநோய் அவரைப் பற்றியது. ஏழு மாதம் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து, வலியால் உருக்குலைந்து மறைந்தார்.

அதே குளிர்காலத்தில், உறை வாங்காமல் கோப்பை நகர்த்தியறியாத அதிகாரி ஒருவரும் மறைந்தார். இரவு உணவுண்டு உறங்கியவர் விடியலில் எழவில்லை, அவ்வளவுதான். வாயிலில் கார்கள் வரிசையாக நின்றன. “கொடுத்து வைத்த சாவு” என்றனர் வந்தவர். அங்கே நின்றபோது நம் நெஞ்சில் எழுந்தது இரக்கமன்று, பொறாமையே என்பதை ஒளிப்பதற்கில்லை. அன்றிரவு நம் மகன், “அப்பா, பெரியப்பா நேர்மையாக இருந்து என்ன கண்டார்?” என்று வினவினான். விடை கூற நமக்கு நா எழவில்லை.

சில நாள் கழித்து மதினி, “தம்பி, இது உங்களிடம் இருக்கட்டும்” என்று அண்ணாச்சியின் விவிலியத்தை நம் கையில் கொடுத்தார். அதில் 73ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனத்தருகே ஒரு கேள்விக்குறி இருந்தது.

ஆசாப்பின் பெயரில் வழங்கும் அப்பாடல் 28 வசனங்களைக் கொண்டது. கொடியோரின் வளவாழ்வைக் கண்டு பொறாமை கொண்டதாகப் புலவர் தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொள்கிறார். அடுத்து வருவதுதான் நான்காம் வசனம். பழந்தமிழ் மொழிபெயர்ப்பு, சாகும்வரை அவர்களுக்குத் துன்பமில்லை என்று பொருள் கொள்கிறது. ஆங்கிலத்தின் பழைய மொழிபெயர்ப்போ, அவர்களது சாவிலேயே தளை இல்லை என்கிறது. முன்னது வாழ்வைக் குறிப்பது. பின்னது இறுதி மூச்சைக் குறிப்பது.

நாம் எபிரேயம் கற்றவரல்லோம். நூலகத்து உரைநூல்களைத் துணைக்கொண்டு தேடினோம். துன்பம், வேதனை என்று பெயர்க்கப்படும் ‘ஹர்த்சுபோத்’ என்னும் அருஞ்சொல் எபிரேய மறையில் மற்றோரிடத்தில் மட்டுமே வருகிறது. ஏசாயாவின் 58ஆம் அதிகாரத்தில் அதற்குத் தளை என்பது பொருள். தல்மூது ஆசிரியர் அச்சொல்லை நடுக்கம், துயரம் என்னும் இரு சொற்களின் சேர்க்கையாகக் கண்டனர். சாவு நாளை எண்ணித் தீயோர் நடுங்குவதுமில்லை, வருந்துவதுமில்லை என்றனர். இவ்வுரைப்படி அது பேறன்று, உணர்வின்மை.

இக்கால அறிஞர் பலர் வேறொன்று கூறுவர். ‘லெமோதாம்’ என்பது எபிரேயத்தில் ஐந்தெழுத்துச் சொல். அவர்கள் சாவுக்கு என்பது பொருள். ஓரெழுத்தையும் மாற்றாது அதனை மூன்றும் இரண்டுமாகப் பிரித்தால் ‘லாமோ’, ‘தாம்’ என்றாகும். அப்போது ‘அவர்களுக்குத் துன்பமில்லை, குறையற்றது, கொழுத்தது அவர்கள் உடல்’ என்று பொருள் அமையும். சாவு என்னும் சொல்லே அவ்வசனத்தினின்று மறைந்துவிடும்! சீர் பிரித்துப் பொருள் காணும் தமிழருக்கு இம்முறை புதிதன்று.

இப்பிரிப்பே பொருத்தமெனத் தோன்றுகிறது. பின்வரும் வசனங்கள் அவர்தம் செருக்கையும் கொழுப்பையும் பேசுகின்றனவேயன்றிச் சாவைப் பேசவில்லை. அவர்களது முடிவு பதினேழாம் வசனத்தில், புலவர் இறைவன் திருவிடத்துள் புகுந்த பின்னரே பேசப்படுகிறது. ஆயினும் கேள்விக்குறி அழியவில்லை. அவர்கள் நொடியில் வீழ்வர் என்கிறது பாடல்; நாம் கண்டவரோ மெத்தையில் உறங்கியல்லவா போனார்?

மீண்டும் மீண்டும் படித்தபோது ஒன்று புலனாயிற்று. இறைவன் நல்லவர் என்று முதல் வசனம் தொடங்குகிறது. இறைவனை அண்டியிருப்பதே எனக்கு நலம் என்று இறுதி வசனம் முடிகிறது. இரண்டிடத்தும் ‘தோவ்’ என்னும் ஒரே சொல்தான். இடையில் மாறியது தீயோர் நிலையன்று. நலம் எது என்பதில் புலவர் கொண்ட கருத்து. கொழுத்த உடலும் நோகாத சாவும் நலத்தின் அளவுகோலாக இருந்தவரை அவர் நெஞ்சு புளித்தது. அவ்வளவுகோல் மாறியதும் தெளிந்தது.

பதினைந்தாம் வசனத்தின் கீழ் அண்ணாச்சி மெல்லிய கோடொன்று இழுத்திருந்தார். கைகளைக் கழுவித் தூய்மையாக வாழ்ந்தது வீணே என்று தாம் வெளியே பேசியிருந்தால், இறைவனின் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்தவராவேன் எனப் புலவர் அஞ்சும் இடம் அது. ஏழு மாதமும் கட்டிலருகே அமர்ந்திருந்த நம்மிடம், நேர்மை வீணாயிற்று என்று அண்ணாச்சி ஒருமுறையும் சொன்னதில்லை. ஐயமே இல்லாதவர் என்றல்லவா எண்ணியிருந்தோம்! ஐயம் இருந்தது. அதனை நம் தலையில் ஏற்றாமல் தாமே சுமந்திருக்கிறார்.

ஆனால் ஆசாப் இறுதிவரை வாய்மூடி இருந்துவிடவில்லை. தெளிந்த பின்னர்த் தம் பொறாமையையும் ஐயத்தையும் சேர்த்தே பாடிவைத்தார். ஆதலின் நாமும் மகனை அழைத்து அந்தக் கேள்விக்குறியையும் கோட்டையும் காட்டினோம். அதிகாரியின் வாயிலில் நாம் கொண்ட பொறாமையையும் சொன்னோம்.

நெடுநேரம் அப்பக்கத்தையே பார்த்திருந்தவன், “இந்தப் புத்தகம் பிறகு எனக்குத்தானே, அப்பா?” என்றான். “ஆம்” என்றோம்.