அம்மாவுக்கு மட்டமான மாத்திரையா சார்?

போன மாதம் ஓ.பி. முடியும் நேரத்தில் ஒரு தம்பி வந்தார். லாரி ஓட்டுகிறார். கையில் அம்மாவின் ஃபைல்.

அம்மாவுக்கு 58 வயது. பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. மூன்று மாதமாக வறட்டு இருமல், நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத்திணறல். நான்தான் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. ஜெஃபிடினிப் மாத்திரையும் கூடவே கீமோவும் தொடங்கலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

"சார், அது பழைய மருந்தாம். ஆசிமெர்டினிப்தான் பெஸ்ட்டுனு வீடியோல சொல்றாங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரினு எங்கம்மாவுக்கு மட்டமான மாத்திரை குடுக்கறாங்களா? ஊர்ல அரை ஏக்கர் கிடக்கு. வித்துரட்டுமா?"

நான் புற்றுநோய் நிபுணர் இல்லை. எம்.பி.பி.எஸ். படித்த டூட்டி டாக்டர். ஆனால் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் எங்களிடம்தான் வரும். பெரிய ஆஸ்பத்திரியில் கேட்க பயம்.

"ரெண்டும் ஒண்ணுதான், போங்க" என்று அனுப்பியிருக்கலாம். அது பொய். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் விஷயம், இந்த மாத்திரைகள் எல்லா நுரையீரல் புற்றுநோய்க்கும் கிடையாது. செல்லின் மேல் ஈஜிஎஃப்ஆர் என்று ஒரு புரதம் இருக்கிறது. "வளரு" என்ற கட்டளையை வாங்கும் ஸ்விட்ச் அது. அதன் மரபணுவில் பிழை வந்தால் ஸ்விட்ச் ஆன்லயே நின்னுடும். அதை அணைப்பதுதான் மாத்திரையின் வேலை. பிழையே இல்லாதவருக்குக் கொடுத்தால்? 2009-ல் வெளியான ஐபாஸ் ஆய்வில், பிழை இருந்தவர்களுக்கு கீமோவை விட ஜெஃபிடினிப் நன்றாக வேலை செய்தது. இல்லாதவர்களுக்கோ கீமோவை விட ரொம்ப மோசம். அதனால் மரபணு ரிப்போர்ட் வராமல், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையைக் கேட்டு வாங்காதீங்க. இந்த அம்மாவுக்கு ரிப்போர்ட் பாசிட்டிவ்.

இப்போ போட்டிக்கு வருவோம்.

ஃப்ளாரா என்ற ஆய்வில் ஒரு பக்கம் ஆசிமெர்டினிப், மறுபக்கம் ஜெஃபிடினிப் அல்லது எர்லோடினிப். நோய் மறுபடி முன்னேறும் வரை கிடைத்த காலம், நடுமதிப்பாக, ஆசிமெர்டினிப்பில் 18.9 மாதம். மற்றதில் 10.2. ஆயுள் 38.6 மாதம், மற்றதில் 31.8. மூளைக்குள்ளும் ஆசிமெர்டினிப் நன்றாகப் போகும். இந்த நோய் மூளைக்குப் பரவக்கூடியது என்பதால் அது பெரிய விஷயம். தம்பி பார்த்த வீடியோ பொய் சொல்லவில்லை.

ஆனா அந்த அம்மாவுக்கு வெறும் ஜெஃபிடினிப் தரலையே! மும்பை டாடா நினைவு மருத்துவமனை 350 பேரிடம் செய்த ஆய்வு 2020-ல் வெளியானது. ஜெஃபிடினிப் மட்டும் என்றால் 8 மாதம், கீமோவும் சேர்ந்தால் 16.

உடனே 16-ஐயும் 18.9-ஐயும் பக்கத்துல வச்சு கணக்கு போடாதீங்க. ஆய்வும் வேறு, ஆட்களும் வேறு. டாடா ஆய்வில் உடல் தளர்ந்தவர்களையும் சேர்த்தார்கள். ஃப்ளாராவில் ஓரளவு தெம்பாக இருந்தவர்கள் மட்டும்தான்.

அந்த 16 மாதமும் சும்மா வரவில்லை. கீமோ சேர்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கடுமையான பக்கவிளைவுகள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறணும், மருந்து ஏத்திக்கணும். ஆசிமெர்டினிப் என்றால் வீட்டிலேயே தினம் ஒரு மாத்திரை.

ஆக, மட்டம் இல்லை. ஆனால் காசிருப்பவருக்குக் கிடைக்கும் சுலபமான வழி இவருக்கு இல்லை. அதை நான் மறைக்கவில்லை.

2024 மத்திய பட்ஜெட்டில் ஆசிமெர்டினிப்புக்குச் சுங்க வரியை நீக்கினார்கள். நல்லது. அப்பவும் லாரி ஓட்டுகிறவர் சம்பளத்துக்கு எட்டவில்லை.

"தம்பி, இது ஒரு கோர்ஸ் போட்டு நிறுத்தற மாத்திரை இல்ல. வேலை செய்யற வரைக்கும் தினமும் போடணும். அரை ஏக்கர் எத்தனை மாசம் தாங்கும்?"

விரல் விட்டு எண்ணினார். எட்டு.

இன்னொன்றும் சொன்னேன். ஜெஃபிடினிப் பலிக்காமல் போகும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்கு டி790எம் என்ற புதுப் பிழை வந்திருக்கும். அவர்களுக்கு அப்போது ஆசிமெர்டினிப் கேட்கும். காசு அன்றைக்குத் தேவைப்படலாம். ஆனால் எல்லாரும் அந்த இரண்டாவது சுற்றுக்கு வந்து சேர்வதில்லை. அதையும் சொல்ல வேண்டியிருந்தது.

விக்கணுமா வேண்டாமான்னு நான் சொல்லல. புற்றுநோய் டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகளை ஓ.பி. சீட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தேன். எந்த வகைப் பிழை? மூளை ஸ்கேன் எடுத்தாச்சா? அம்மா உடம்பு கீமோவைத் தாங்குமா?

நேற்று போன் செய்தார். மூளை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இரண்டாவது கீமோ முடிந்தது. முகமெல்லாம் பரு மாதிரி வந்திருக்காம், "மருந்து ஒத்துக்கலையா சார்?" என்றார். அந்த மாத்திரைக்கு அது வழக்கம்தான், நீங்களா நிறுத்திடாதீங்க, வியாழக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறேன்.