சித்தூரில் நாங்கள் பரதேசிகள்

பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் உங்களில் அநேகர். வெளிநாட்டு வாழ்க்கை என்றால் விமானமும் கடலும் உங்கள் நினைவுக்கு வரும். எங்கள் குடும்பமோ வேலூரில் பேருந்து ஏறி, சுமார் 35 கிலோமீட்டர் தள்ளிச் சித்தூரில் இறங்கியது. இறங்கிய அன்றே பரதேசிகளானோம். பேருந்தின் நெற்றியில் இருந்த எழுத்துகள் ஜாங்கிரியைப் போலச் சுற்றிச் சுற்றி இருந்தன. பட்டதாரியாகிய நான் ஊர்ப் பெயரைப் படிக்க முடியாமல், நடத்துநரைக் கேட்டுக் கேட்டே ஒரு மாதம் பிரயாணம் பண்ணினேன்.

என் தாயார் நாசரேத்துப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டாம் நாள் பால் கடைக்குப் போய், முகம் சிவந்து திரும்பி வந்தார்கள். கடைக்காரர், "பெருகு காவாலா?" என்று கேட்டாராம். "ஐயா, பெருகு என்று ஆசீர்வதித்த வாயாலேயே என்னைக் காவாலி என்று ஏசுகிறானே!" என்றார்கள். பெருகு என்றால் தயிர், காவாலா என்றால் வேண்டுமா என்று விளக்கிச் சொல்லியும், அந்தக் கடைக்கு அவர்கள் அப்புறம் போகவே இல்லை.

உண்மையைச் சொன்னால், சித்தூர்க் கடைவீதியில் தமிழ் சிறிதும் அறியாதவர்கள் குறைவு. ஒரு காலத்தில் இவ்வூர் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரமாயிருந்தது. 1911-ஆம் ஆண்டில்தான் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனோடு போயிற்று. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. கோடு இடம் மாறிற்று. ஜனங்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எங்கள் வீட்டு உரிமையாளரின் தாயார் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார்கள். ஆனாலும் பள்ளிக்கூடம், அரசாங்க அலுவலகம், ஆராதனை ஆகிய மூன்றிலும் எங்களுக்குத் தெலுங்கே வழி.

பின்பு வேலை மாற்றலாகித் திருப்பதிக்குப் போனோம். பாகாலா வழியாய்ச் செல்லும் அந்த ரயில் பாதையில் மாந்தோப்புகளையும், தூரத்தில் சேஷாசல மலையின் சிவந்த பாறைகளையும் பார்க்க நீங்கள் ஒருமுறை வரவேண்டும். திருப்பதி ரயில் நிலையத்தில் இரவில் சேலத்துத் தமிழும் மதுரைத் தமிழும் கேட்கும். மலைக்குப் போகும் பக்தர்கள் பிள்ளைகளோடும் மூட்டைகளோடும் நடைமேடையில் படுத்திருப்பார்கள். எங்கள் விசுவாசம் வேறு. ஆயினும் என் தாயார் மாலைவேளையில் அவ்வளவு தூரம் நடந்துபோவதற்குக் காரணம் அந்தப் பேச்சுச் சத்தமே. "எந்த ஊரம்மா?" என்று யாராவது கேட்டுவிட்டால் அன்று இரவு நன்றாய்ச் சாப்பிடுவார்கள்.

சபையில் நிலைமை வேறு. "ஸ்தோத்திரம்", "அல்லேலூயா" என்னும் இரண்டு வார்த்தைகளும் இரு மொழிக்கும் பொது. மற்றதெல்லாம் அம்மாவுக்குப் புரியாத சத்தம். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, தங்கள் ஜெபத்தைத் தமிழிலேயே முணுமுணுப்பார்கள். பெந்தெகொஸ்தே நாளில் அவனவன் தன் தன் பாஷையில் கேட்டதைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்ட குடும்பம் நாங்கள். ஒருநாள் குடும்ப ஜெபத்தில் என் மகன் தெலுங்கில் ஜெபிக்கத் தொடங்கினான். தடங்கலில்லாமல், கண்ணீரோடு ஜெபித்தான். அம்மா ஆமென் சொன்னார்கள். பிறகு அடுக்களையில் அழுதுகொண்டிருந்தார்கள். "என் பேரன் ஆண்டவரிடத்தில் என்ன கேட்டான் என்று எனக்குத் தெரியவில்லையே" என்றார்கள். நான் பதில் சொல்லவில்லை. அவனைத் தமிழ் படிக்க வைக்காதது நான்தான்.

அந்த வருஷத்தில்தான் டர்பன் நகரத்திலிருந்து ஒரு சகோதரி எங்கள் சபைக்கு வந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள், ஆங்கிலம் மட்டுமே பேசுவார்கள். 1925-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ரோலண்ட்ஸ் குடும்பத்தார் இந்தியர் நடுவில் ஆரம்பித்த ஊழியம், பிற்பாடு பெதஸ்தா சபைகளாகப் பெருகிற்று. அந்தச் சபைகளில் ஒன்றில் வளர்ந்தவர்கள் இவர்கள். கையில் ஒரு கப்பல் பதிவேட்டின் நகல் இருந்தது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரைக்கும் ஒரு லட்சத்து ஐம்பதினாயிரத்துக்கும் அதிகமான இந்தியர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். பெரும்பான்மையோர் சென்னையில் கப்பலேறினவர்கள். அவர்களில் வட ஆற்காட்டார் அநேகர். பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் உண்டு. கவுண்டர் அங்கே கவெண்டர் ஆனார். முதலி மூட்லி ஆனார். தெலுங்கர் பலர் தமிழரோடு சேர்ந்து தமிழிலேயே பாடினார்கள். 1903-இல் நெல்லூரிலிருந்து ஜான் ரங்கையா என்னும் பாப்திஸ்து ஊழியர், தெலுங்கருக்கு அவர்கள் பாஷையில் சுவிசேஷம் சொல்ல அங்கே போகவேண்டியதாயிற்று. இங்கே தெலுங்கு நடுவில் நாங்கள் தவித்ததைப் போல, அங்கே தமிழ் நடுவில் அவர்கள் தவித்திருப்பார்கள். கடைசியில் இரண்டு பாஷைகளையும் ஆங்கிலம் விழுங்கிற்று. சகோதரியின் கொள்ளுப்பாட்டி பேசினது தெலுங்கு என்பது மட்டும் அவர்கள் வீட்டில் நினைவிருந்தது.

சித்தூர்த் தாலுகா என்று பதிவேட்டில் தெளிவாயிருந்தது. கிராமத்தின் பெயரோ வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டு, 'பள்ளி' என்று முடிந்தது. சித்தூரைச் சுற்றிலும் பள்ளி என்று முடியும் ஊர்களுக்குக் குறைவேது? ஆட்டோ பிடித்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று ஊர்களுக்குப் போனோம். கரும்பு ஆலையாட்டி வெல்லம் காய்ச்சும் இடத்தில் நின்ற சகோதரி, அந்த வாசனையை முகர்ந்து வெகுநேரம் பேசாதிருந்தார்கள். அந்த உறவினரை அறிந்தவர் ஒருவரும் அகப்படவில்லை.

மூன்றாவது ஊரில் ஒரு வயதான அவ்வா, திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். சகோதரியின் கன்னத்தைத் தடவி, "எவரி பிட்டா?" என்று கேட்டார்கள். யாருடைய பிள்ளை என்று அர்த்தம். சகோதரி விழித்தார்கள். நான் மொழிபெயர்ப்பதற்குள், அத்தனை வருஷமாய்த் தெலுங்கில் ஒரு வார்த்தையும் பேச மறுத்த என் தாயார், "மன பிட்டே" என்றார்கள். நம்முடைய பிள்ளைதான் என்று அர்த்தம். அவ்வா தலையாட்டி, இன்னொரு தம்ளர் மோர் ஊற்றினார்கள்.

அந்த வாரமே வீட்டில் ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று. இரவு ஜெபத்துக்குப் பின் பேரன் பாட்டியின் பெரிய எழுத்து வேதாகமத்தில் ஐந்து வசனம் தமிழில் வாசிக்க வேண்டும்; பாட்டி அவனிடத்தில் ஒரு வசனம் தெலுங்கில் மனப்பாடம் பண்ண வேண்டும். அவன் நாவில் 'ழ' இன்னும் வரவில்லை. அம்மாவோ இப்பொழுது அந்தப் பழைய பால் கடைக்கே போய்ப் பெருகு வாங்கி வருகிறார்கள்.