எந்த வருசத்துக்குத் திருத்துவது?

கொவன்றியில் நான் குடியிருக்கும் பக்கத்தில் பனர் லேன் என்றொரு தெரு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது விமான இயந்திரங்கள் செய்த தொழிற்சாலை அங்கே இருந்தது. 1946 முதல் 2002 வரை அதில் உழவு இயந்திரங்கள் செய்தார்கள். இன்று அந்த நிலமெல்லாம் வீடுகள். அங்கே செய்த மெசி பேர்குசன் 35 ஒன்றை அப்பப்பா 1961இல் முரசுமோட்டைக்கு வாங்கிவந்தார். காலமாகும் முன், மூத்த பேரன் என்று அதை என் பெயருக்கு மாற்றிவைத்தார். 1990இல் நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது வாகனப் புத்தகத்தை அம்மா என் பையில் வைத்துவிட்டார். மிசின் சித்தப்பாவோடு நின்றது.

யாழ்தேவி வடக்குக்கு ஓடாமல் நின்றதும் அந்த வருசந்தான். கிளிநொச்சிக்கு அது 2013இல் திரும்பியது; நான் அதற்கும் பிந்தித்தான் வந்தேன். ஏ9 வீதியோரம் லீசிங் கம்பனிப் பலகைகள். புதுச் சிவப்பிலும் புது நீலத்திலும் மிசின்கள் தவணைக்கு நிற்கின்றன. பரந்தனில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பினால் வயல் பழைய வயல்தான், இரணைமடுத் தண்ணீர் வரும் வாய்க்காலும் பழையதுதான். சூடு வைக்கிற வழக்கம் மட்டும் போய்விட்டது. முன்பெல்லாம் வெட்டிய நெல்லைச் சூடாகக் குவித்து, இரவில் களத்தில் பரப்பி, மிசினை வட்டமாக ஓட்டி மிதிப்பார்கள். சாக்கில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்திலேயே நாங்கள் நித்திரையாகிவிடுவோம். இப்போது அறுவடை இயந்திரம் பகலோடு பகலாக வேலையை முடித்துவிட்டுப் போகிறது.

சித்தப்பா இல்லை. அவர் மகன், என் தம்பி, மிசினைக் கொட்டிலில் விட்டிருந்தான். "எஞ்சின் பிடிச்சுப்போச்சு அண்ணா. எடுத்துச் செய்தால் ஓடும்" என்றான். செலவுக்கு நான் வந்திருந்தேன். என்ன செய்வது என்பதில்தான் பேச்சு ஒத்துவரவில்லை. இங்கிலாந்தில் பழைய மிசின்களைப் புதுப்பிக்கிறவர்களுக்கு அது ஒரு விரதம். தொழிற்சாலையில் அடித்த அதே நிறம், அதே எழுத்து, அதே ஆணி. நானும் சிவப்பு பொனற்றும் சாம்பல் உடம்புமாக 1961இன் படம் ஒன்றை மனதில் வைத்திருந்தேன்.

கராச்சில் கழற்றத் தொடங்கியதும் மற்ற வருசங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இந்த மிசினில் இருப்பது மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின். டீசல் பம்புக்குத் தனியாக எண்ணெய் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதற்கு மசகு. 1990களின் பொருளாதாரத் தடையில் வன்னிக்கு டீசல் வருவது அரிது. சித்தப்பா மண்ணெண்ணெயில் கொஞ்சம் எண்ணெய் கலந்து ஓட்டியிருக்கிறார். மண்ணெண்ணெயில் வழுவழுப்புப் போதாது, பம்பின் உள்ளுருளை தேய்ந்துவிடும். தேய்ந்த பம்ப் சூடேறினால் அமுக்கம் பிடிக்காது. வயலில் ஒருதரம் நிறுத்தினால் பிறகு ஸ்ரார்ட் வராது. பம்பின் மேல் ஈரச்சாக்கைப் போட்டு, அது ஆறும்வரை வரம்பில் குந்தியிருப்பாராம். மெக்கானிக் அந்த உருளையை வெளிச்சத்தில் பிடித்துக் கோடுகளைக் காட்டியபோது, தடைக்காலத்தின் கணக்குப் புத்தகத்தைக் காட்டுவது போலிருந்தது.

வலப்பக்க மட்காட் வேறொரு மிசினுடையது. இடப்பக்கத்தில் செல் துண்டு போன ஓட்டைகளைத் தகரம் வைத்து ஒட்டியிருந்தார்கள். 2009இல் கூரைத் தகரம், நெல்மூட்டை, கிழவிகள், பிள்ளைகள் எல்லாவற்றையும் பெட்டியில் ஏற்றி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இழுத்துப்போய், முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்தது இதைத்தான். மீளக்குடியேறிய பிறகு, கொவன்றியிலிருந்து நான் அனுப்பிய புத்தக நகலை வைத்து, செசி இலக்கத்தை ஒப்பிட்டுக் காட்டிச் சித்தப்பா மீட்டுவந்தார். அந்த மிசினுக்கு நான் செய்த ஒரே வேலை அதுதான்.

இலக்கத்தகட்டில் சிங்கள 'சிறீ' இருக்கிறது. 1957இல் அரசு அந்த எழுத்தை வாகனங்களுக்குக் கட்டாயமாக்கியது. 1958 சிறீ எதிர்ப்புப் போராட்டத்தில் நின்றவர் அப்பப்பா; மூன்று வருசம் கழித்து அந்த எழுத்தோடுதான் மிசின் வாங்கவேண்டி வந்தது. 1961க்குத் திரும்பவேண்டும் என்றால் அவர் வெறுத்த தகட்டையும் மினுக்கித்தான் ஆகவேண்டும்.

எஞ்சினைக் குறையில்லாமல் செய்வதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. பழைய லைனர்களை லேத் பட்டறையில் அழுத்தி எடுத்துப் புதியவை போட்டோம். இந்த வகை மிசினுக்கு இந்தியாவில் இன்றும் உதிரிப்பாகங்கள் செய்வதால் சாமானுக்குத் தட்டுப்பாடில்லை. பம்பின் உள்ளுருளையும் புதிது. கியர்ப்பெட்டியில் தண்ணீர் கலந்து வெளுத்துப்போன எண்ணெயை வடித்து, கலப்பை தூக்கும் பம்பைக் கழுவிப் பூட்டினார்கள். ஸ்ரார்ட் வந்ததும் நான் பெயின்ற் பேச்சை எடுத்தேன். "அந்தக் காசுக்குப் பின் ரயர் வாங்கலாம் அண்ணா" என்றான் தம்பி. மிசின் பாரம் ஏறக்குறைய ஒன்றரைத் தொன்தான். புதிய பெரிய மிசின்கள் தாழ்கிற ஈர வயலில் இது தாழாமல் போகும். காலபோக விதைப்பில் மழை முந்திவிட்டால் இதைத்தான் தேடிவருவார்கள் என்றான்.

வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் ஊரில் காசு போடும் இடங்களைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். பூட்டிக்கிடக்கும் வீட்டுக்குப் பெயின்ற், கோயிலுக்குப் புதுக்கோபுரம், படித்த பள்ளிக்கு வளைவு. நாங்கள் விட்டுவந்த வருசத்துக்கோ, அதற்கும் முந்திய நல்ல வருசம் ஒன்றுக்கோ ஊரைத் திருப்பி நிறுத்தப் பார்க்கிறோம். அங்கேயே இருந்தவர்களுக்கு அடுத்த போகந்தான் வருசம். இங்கிலாந்தில் பழைய மிசினை மினுக்கி வைக்கலாம். உழுவதற்கு வேறு மிசின்கள் நிற்கின்றன. தம்பியின் வளவில் நிற்பது இது ஒன்றுதான்.

புறப்படுமுன் புத்தகத்தை அவன் பெயருக்கு மாற்றப் பத்திரங்களில் கையெழுத்து வைத்தேன். ரயருக்கும் காசு கொடுத்தேன். தகட்டையும் மட்காட்டையும் மட்டும் மாற்றக்கூடாது என்று நிபந்தனை போட்டேன். "அதை மாத்த ஆரட்டை அண்ணா காசிருக்கு?" என்றான்.