ஜெராமில் ஒரு பாறை லோரி

ஜெராம் என்றால் மலாய் மொழியில், ஆறு பாறைகளில் மோதிப் பாயும் இடம். எங்கள் ஜெராமில் பாறையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் கடற்சேறு.

இவ்வூரில் என் பழைய மாணவர் ஒருவர் பாறை ஏறும் ரேடியோ லோரி வைத்திருக்கிறார்! வடிகால் ஓரம் சாய்ந்து கிடக்கும் செம்பனை அடிமரமே அவருக்குப் பாறை.

வண்டி பழசு. 1987-இல் ஜப்பானின் தமியா நிறுவனம் வெளியிட்ட 'கிளாட் பஸ்டர்'. அச்சுக்கு ஒரு மோட்டாராக இரண்டு மோட்டார். நான்கு சக்கரமும் திரும்பும். அது பாறைக்கென்று செய்ததன்று. ஆர்வலர்கள்தாம் அச்சுகளைக் கழற்றி, தகடு வெட்டிச் சொந்தச் சட்டத்தில் பூட்டினார்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் விசை முழுவதும் அதற்கே போய்விடும் அல்லவா? அதனால் அச்சுக்குள் பல்சக்கரங்களையும் இறுக்கினார்கள்.

2000-களின் பிற்பகுதியில் ஆக்சியல் போன்ற நிறுவனங்கள் பாறை வண்டியையே பெட்டியில் போட்டு விற்க வந்தன. நல்ல வண்டிகள்தாம். பழைய ரேடியோவில் இருவரிடம் ஒரே அலைவரிசைப் படிகம் இருந்தால், என் லோரியை உங்கள் கை திருப்பிவிடும்! இப்போது அந்தத் தொல்லையும் இல்லை.

ஆனாலும் இவர் மாற்றவில்லை. பால்மரம் வெட்டிய இவர் தந்தை, பால்டின்னில் லோரி செய்து, பழைய சிலிப்பரை வட்டமாக நறுக்கிச் சக்கரம் மாட்டிக் கொடுத்தவர். அந்த லயம் இன்றில்லை, லோரியும் இல்லை.

"வேகமாகப் போகாதாப்பா?" என்கிறான் மகன்.

"போகாதுடா. சக்கரத்தைப் பார்."

லோரி அடிமரத்தில் அங்குலம் அங்குலமாக ஏறுகிறது. பையன் குந்தி உட்கார்ந்துவிட்டான்.