நான்கு மில்லிமீட்டர்

அடுப்புச் சூடு பட்டுக் கொப்பளித்த பிறகுதான் அம்மா தன் இடக்கையைப் பார்த்தாள். வெளிறிய அந்தத் திட்டில் வலியே இல்லை. தேமல் என்றார்கள் குன்னூர் லைன் வீடுகளில். கொழுந்து பறிக்கப் போடும் ஆண்சட்டைக்குள் மூன்று வருடம் மறைத்தாள்.

1996. நான் பதினோராம் வகுப்பு. கோயம்புத்தூரில் மரத்துப்போக ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் தோலை எடுத்து ஃபார்மலினில் இட்டார்கள். அதை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்களாம். நரம்பைச் சுற்றி அணுக்கள் திரண்டிருந்தன. தொழுநோய்.

"ஆறு மாசம் மாத்திரை, குணமாயிடும்" என்றார் டாக்டர்.

"இதுல நோயோட பேரப் போட்டிருக்கா, டாக்டரம்மா?"

அம்மா பயந்தது அந்தக் காகிதத்துக்கு. கொடிய, குணமாகாத தொழுநோய் என்றால் மணவிலக்குக் கேட்கலாம் என்றது 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். அம்மாவுடையது குணமாவதுதான்; லைனில் யார் அந்த வித்தியாசம் பார்த்தார்கள்? 2019இல்தான் தொழுநோயை அந்தக் காரணங்களிலிருந்து நீக்கினார்கள்.

பெண்ணுடலின் சுணங்கைச் சங்கக் கவிகள் அழகென்றதை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் அந்தச் சட்டைக்கை நினைவில் வரும்.

ரிப்போர்ட்டை அன்றிரவே அடுப்பில் போட்டாள். அது தேமல் மாத்திரை என்றே அப்பா கடைசிவரை நம்பினார்.